முந்நூற்றுப் பத்தொன்பது சேலை

சிகாமணி ஓடியதை
நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.
ஆறு வருடம் அவனுக்கு முன்னால் நின்று
வழி திறந்துவிட்டவன் நான்.
பந்து கைமாறும் நேரத்தில்
என் தலை எவனாவது ஒருவன் நெஞ்சுக்குள் இருக்கும்.
கண்ணில் மண். பல்லுக்கிடையில் ரப்பர்.
இடுப்போரம் ஒரு காற்று கடந்துபோகும்,
அதுதான் அவன்.
பிறகு கூட்டம் கத்தும்.
கத்தலின் நீளத்தை வைத்து
எவ்வளவு தூரம் போயிருப்பான் என்று
கீழே கிடந்தபடி கணக்குப் போட்டுக்கொள்வேன்.

கூட்டம் என்றால் நாற்பது பேர்.
பாதிப் பேர் கிரிக்கெட் பந்தைத் தேடி வந்தவர்கள்.

ஞாயிறு விடியலில் ஆஸ்டின் டவுன் மைதானத்தில்
சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவோம்.
கெஜம் என்றுதான் அளந்தோம்.
எங்கள் மர்ஃபி டவுனில் கெஜம் என்றால் துணி.
கணக்கு எழுதியது புஷ்பவதி அக்கா,
சீட்டு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி.
இந்தப் பக்கம் திறந்தால் யார் யார் பாக்கி;
தலைகீழாகத் திருப்பினால்
சிகாமணி ஓடிக்கொண்டிருப்பான்.

வேகமானவன் இல்லை அவன்.
இதை யாரும் நம்புவதில்லை.
காத்திருப்பான்.
எல்லோரும் முட்டிமோதும் அந்த அரை நொடி
என் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு நிற்பவன்போல நிற்பான்.
எங்கே சந்து விழும் என்று
எனக்கே தெரியாதபோது அவனுக்குத் தெரியும்.
"எங்கப்பா கோலார்ல சுரங்கத்துக்குள்ள எறங்கினவர்றா,
இருட்டுல வழி பாக்கறது குடும்பத் தொழில்" என்பான்.
வாரம் முழுக்க ஃப்ரேசர் டவுன் மாடிகளுக்கு
கேஸ் சிலிண்டர் சுமந்த தோள்.
பந்தைக் கையில் வாங்கினால் சிரிப்பான்:
"காலி சிலிண்டர்தான், கொண்டா."

ஹைதராபாத்காரர்களோடு ஆடியது ஒரு ஜூலை மழையில்.
கிரிக்கெட் பிட்ச்சின் களிமண்ணில்
என் இடது கால் வழுக்கியது.
அவ்வளவுதான்.
நான் தாங்க வேண்டியவன் என்னைத் தாண்டிப் போனான்.
பின்னால் ஒரு சத்தம்,
ரொட்டியைப் பிய்ப்பது மாதிரி.
அந்த ஒரே தடவைதான் திரும்பிப் பார்த்தேன்.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு
அவன் என்னைப் பார்த்துச் சொன்னது,
"ஷூவை மாத்துடான்னு போன வாரமே சொன்னேன்."

இப்போது கேஸ் ஏஜென்சியில் ரசீது போடுகிறான்.
உட்கார்ந்து பார்க்கும் வேலை.

பெரிய இடங்களில்
பெரிய ஆட்டக்காரனின் எண்ணை
வேறு யாருக்கும் தராமல் மடித்து வைத்துவிடுவார்களாம்.
டீக்கடையில் கூட்டம் போட்டுப் பேசினோம்.
சட்டை பதினாலு, ஆள் பதினாறு.
அடுத்த ஞாயிறே நாற்பத்தொன்றை
நீலசந்திராவிலிருந்து வந்த இம்தியாஸ் போட்டுக்கொண்டான்.
தொடைவரை தொங்கியது.
யாருடைய சட்டை என்று அவன் கேட்கவில்லை,
நாங்களும் சொல்லவில்லை.

அக்கா மட்டும் ஒருநாள் கூட்டிப் பார்த்தாள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு கெஜம்.
ஆறால் வகுத்தாள்.
"முந்நூத்திப் பத்தொம்பது சேலைடா சிகா!"
அவன் ரசீதிலிருந்து தலையை எடுக்காமல்,
"ஒண்ணுகூட எங்கம்மாவுக்கு எடுத்துக் குடுக்கலியேக்கா."

இம்தியாஸ் முதுகில் கை வைப்பதில்லை.
காத்திருப்பதும் இல்லை. பறக்கிறான்.
பழக்கதோஷம்,
என் முதுகு மட்டும் ஒவ்வொரு தடவையும்
அந்த இடத்தில் கொஞ்சம் குழிந்துகொள்கிறது.

போன மாதம் ஓர் ஆட்டம்.
வழக்கம்போல எவன் நெஞ்சிலோ என் தலை.
இடப்பக்கம் ஏதோ விலகியது.
கூட்டம் கத்தியது.
அது கத்துவதற்கு அரை நொடி முன்னால்,
இம்தியாஸின் காற்று என்னைக் கடப்பதற்கும் முன்னால்,
கோட்டுக்கு வெளியிலிருந்து
ஒரே ஒரு குரல்
"ஹாங்!" என்றது.

நான் தலையை எடுக்கவில்லை.
இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன்.